கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி: புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேம்பிரிட்ஜில் இடம் கிடைத்து, கல்லூரி டிரினிட்டி என்று முடிவாகிவிட்டதா? வாழ்த்துகள். விசாவுக்கும் விமான டிக்கெட்டுக்கும் குளிர் உடுப்புக்கும் யோசனை சொல்ல ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். அந்தக் கல்லூரியின் வாசலைத் தாண்டியதும் எதிர்ப்படும் பழக்கவழக்கங்களைச் சொல்லித்தரத்தான் ஆள் கிடைப்பதில்லை. புல்லில் யார் கால் வைக்கலாம், கவுன் என்ற மாணவர் அங்கியை எப்போது போட வேண்டும், சந்தேகம் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பதெல்லாம், குடும்பத்தில் முன்பே யாராவது அங்கே படித்திருந்தால் வீட்டுப் பேச்சிலேயே தெரிந்துவிடும். நம் வீடுகளில் பெரும்பாலும் அந்தப் பேச்சு இருக்காது. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று நம் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு அவதிப்படுகிறார்கள். அந்தத் தயக்கம் குறைய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இடையிடையே வரலாறும் வரும். வரலாறு தெரிந்தால் பாதி வழக்கங்கள் தாமாகவே புரிந்துவிடும்.

முதல் படி: கல்லூரி எது, பல்கலைக்கழகம் எது

இதில் குழம்பினால் பிறகு எல்லாமே குழம்பும். விரிவுரை, ஆய்வகம், தேர்வு, பட்டம் ஆகியவை பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. தங்கும் அறை, சாப்பாடு, உங்கள் நலனைக் கவனிக்கும் டியூட்டர், வாராவாரம் உங்கள் வேலையைத் திருத்தித்தரும் ஏற்பாடு ஆகியவை கல்லூரியின் பொறுப்பு. கேம்பிரிட்ஜில் 31 கல்லூரிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனி நிர்வாகம், தனிச் சொத்து, தனி வழக்கம் கொண்டது. நம் ஊரில் பல்கலைக்கழகத்தின் கீழ் இணைப்புக் கல்லூரி இருப்பதைப் போல இதை நினைத்துக்கொள்ள வேண்டாம்.

டிரினிட்டியைத் தொடங்கியவர் எட்டாம் ஹென்றி மன்னர். 1546 டிசம்பரில். மடாலயங்களைக் கலைத்து அவற்றின் நிலபுலன்களை எடுத்துக்கொண்டிருந்த மன்னர், அடுத்து கல்லூரிகளையும் கலைத்துவிடுவார் என்று ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் நடுங்கின. அரசி கேத்தரின் பாரிடம் போய் முறையிட்டார்கள். கலைப்பதற்குப் பதிலாகப் புதிதாகக் கட்டுவது என்று காரியம் திரும்பியது. அதற்குத் தன் பணத்தைச் செலவழிக்காமல், ஏற்கெனவே இருந்த கிங்ஸ் ஹால், மைக்கேல்ஹவுஸ் என்ற இரண்டு கல்லூரிகளையும் சில விடுதிகளையும் ஒன்றாக்கிப் புதுப்பெயர் கொடுத்தார் ஹென்றி. அடுத்த மாதமே, 1547 ஜனவரியில், இறந்தும் போனார். மைக்கேல்ஹவுஸ் 1324-இல் தொடங்கியது. ஆகவே கல்லூரியின் வயதைச் சொல்லும்போது 1546 என்றாலும், வேர் அதற்கும் இருநூறு ஆண்டு முந்தியது.

மன்னர் நிறுவியதால் இன்றைக்கும் கல்லூரித் தலைவரான மாஸ்டரை முறைப்படி நியமிப்பது அரச பீடம்தான். புதிய மாஸ்டர் வரும் நாளில் பெரிய வாசலைச் சாத்திவிடுவார்கள். அவர் வந்து கதவைத் தட்டி, நியமனப் பத்திரத்தைத் தலைமைப் போர்ட்டரிடம் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஃபெல்லோக்கள், அதாவது கல்லூரியின் மூத்த உறுப்பினர்கள், அதைப் பார்த்த பிறகே கதவு திறக்கும். 2019-இல் அப்படிக் கதவைத் தட்டியவர் சாலி டேவிஸ், கல்லூரியின் முதல் பெண் மாஸ்டர். இந்தக் கல்லூரியில் பெண்கள் இளநிலைப் படிப்பில் சேர முடிந்ததே 1978-இல்தான் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பெரிய வாசலும் போர்ட்டர்களும்

ரயில் நிலையம் ஊரின் ஒரு ஓரத்தில் இருக்கிறது. பெட்டிகளோடு நடக்க நினைக்காமல் டாக்ஸி பிடித்து டிரினிட்டி தெருவுக்கு வாருங்கள். எதிரே நிற்பது கிரேட் கேட்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் நிமிர்ந்து பாருங்கள். மாடத்தில் ஹென்றி மன்னர் நிற்கிறார். இடது கையில் உருண்டை. வலது கையில் செங்கோல் இருக்க வேண்டிய இடத்தில் நாற்காலிக் கால் ஒன்று இருக்கிறது. எப்போதோ மாணவர்கள் செய்த குறும்பு அப்படியே நிலைத்துவிட்டது. 1980-களில் ஒருமுறை அதையும் எடுத்துவிட்டு சைக்கிள் பம்பை வைத்தார்கள். பிறகு நாற்காலிக் காலே திரும்பி வந்தது. அவருக்குக் கீழே வரிசையாகக் கேடயங்கள் தெரியும். இந்த வாசல் முதலில் கிங்ஸ் ஹாலுக்காகக் கட்டப்பட்டது. அந்தக் கேடயங்கள் கிங்ஸ் ஹாலை ஆதரித்த மூன்றாம் எட்வர்டுக்கும் அவருடைய ஆறு மகன்களுக்கும் உரியவை. ஒன்று மட்டும் சின்னம் ஏதுமின்றி வெறுமையாக இருக்கும். அது குழந்தையாகவே இறந்துபோன வில்லியம் ஆஃப் ஹாட்ஃபீல்டுக்கு உரியது.

வாசலுக்கு வெளியே சிறு புல்வெளியில் ஒரு ஆப்பிள் மரம் உண்டு. நியூட்டனின் சொந்த ஊரான வூல்ஸ்தார்ப்பில் இருந்த மரத்தின் வழிவந்த கன்றை 1954-இல் நட்டார்கள். இதன் கீழேதான் நியூட்டன் உட்கார்ந்தார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் மரத்துக்குப் பின்னால், வாசலுக்கும் கல்லூரி வழிபாட்டுக் கூடமான சேப்பலுக்கும் நடுவே இருக்கும் அறைகளில் அவர் குடியிருந்தது உண்மை.

உள்ளே நுழைந்ததும் போர்ட்டர்ஸ் லாட்ஜ். மாணவர்கள் பேச்சில் இது ‘பிளாட்ஜ்’. அறைச் சாவி, தபால், பார்சல், சாவியை அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டால் மாற்றுச் சாவி, ராத்திரியில் உடம்பு சரியில்லாமல் போனால் உதவி என்று எல்லாவற்றுக்கும் இங்கேதான் வர வேண்டும். இங்குள்ள போர்ட்டர்களுக்குக் கறுப்பு பௌலர் தொப்பி ஒரு மரபு. பெயரைப் பார்த்துப் பெட்டி தூக்குபவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கல்லூரியின் பாதுகாப்பும் அன்றாட நடப்பும் அவர்கள் கையில். முதல் நாளே போய்ப் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். ‘எனக்கு இது தெரியவில்லை, கொஞ்சம் சொல்கிறீர்களா’ என்று கேட்பதற்கு இந்தக் கல்லூரியில் இதைவிட நல்ல இடம் கிடையாது.

மூன்றாம் படி: முற்றத்தில் நடக்கும் முறை

வாசலைத் தாண்டினால் கிரேட் கோர்ட். இத்தனை பெரிய முற்றத்தை எதிர்பார்க்காதவர்கள் ஒரு கணம் நின்றுவிடுவார்கள். 1593 முதல் 1615 வரை மாஸ்டராக இருந்த தாமஸ் நெவில், குறுக்கே நின்ற கட்டடங்களை இடித்து, ஒரு கோபுரத்தைப் பெயர்த்துப் பின்னால் தள்ளி வைத்து, நடுவே நீரூற்று அமைத்து இதை உருவாக்கினார்.

இங்கே விதி ஒன்றுதான்: புல்லில் நடக்காதீர்கள். ஃபெல்லோக்களும் அவர்களோடு வருபவர்களும் மட்டுமே நடக்கலாம். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று குறுக்கே ஓடினால் போர்ட்டரின் குரல் வரும். ஃபெல்லோ என்பவர் கல்லூரியின் நிர்வாகத்தில் பங்குள்ள உறுப்பினர், அந்த நிலத்தின் பொறுப்பாளர்களில் ஒருவர். புல்லில் நடக்கும் உரிமை அதன் அடையாளம்.

கோபுரக் கடிகாரம் ஒவ்வொரு மணியையும் இரண்டு முறை அடிக்கும். முதலில் தாழ்ந்த ஒலியில், பிறகு சற்று உயர்ந்த ஒலியில். பன்னிரண்டு மணிக்கு ஆக மொத்தம் 24 அடி. அதற்குச் சுமார் 43 விநாடி ஆகும். அந்த நேரத்துக்குள் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஓடிவிட வேண்டும் என்பது பழைய போட்டி. 1927-இல் டேவிட் பர்லி ஓடி முடித்தார். அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றவர் அவர். 1988-இல் ஓட்ட வீரர்கள் செபாஸ்டியன் கோவும் ஸ்டீவ் கிராமும் நற்பணி நிதிக்காக ஓடினார்கள். இன்றும் முதலாண்டு மாணவர்கள் மெட்ரிகுலேஷன் என்ற சேர்க்கைச் சடங்கின் விருந்து நாளில் ஓடிப் பார்க்கிறார்கள். கல் பாவிய தரை, கூர்மையான திருப்பங்கள். ஓட ஆசையிருந்தால் நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், மழை பெய்திருந்தால் விட்டுவிடுங்கள்.

நாய் வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு கதை. கவிஞர் பைரன் இங்கே படித்தபோது நாய்க்கு அனுமதி இல்லை என்றார்கள். கரடியைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்று கரடி வாங்கி வைத்துக்கொண்டார்.

நான்காம் படி: அறை

முதலாண்டில் கல்லூரி வளாகத்திலோ தெருவுக்கு எதிர்ப்புறம் உள்ள ஹ்யூவெல்ஸ் கோர்ட் போன்ற கட்டடங்களிலோ அறை கிடைக்கும். அறையைச் சுத்தம் செய்யக் கல்லூரி ஆட்கள் வருவார்கள். ‘பெட்டர்’ என்பார்கள். பெயர் சொல்லி வணக்கம் வைத்துப் பழகுங்கள்.

இந்த இடத்தில் ராமானுஜனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறி ஏப்ரலில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார் அவர். கொஞ்ச நாள் எரிக் நெவில் என்ற கணிதவியலாளர் வீட்டில் தங்கிவிட்டு ஹ்யூவெல்ஸ் கோர்ட்டுக்கு வந்தார். பின்னர் பிஷப்ஸ் ஹாஸ்டல் என்ற கல்லூரிக் கட்டடம். அப்போது கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ், பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர், ஒரு நாள் ராமானுஜனைப் பார்க்க வந்திருக்கிறார். ராத்திரியெல்லாம் குளிர் தாங்க முடியவில்லை, கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்றாராம் ராமானுஜன். கம்பளி இல்லையா என்று மகலனோபிஸ் படுக்கையைப் பார்த்தால், கம்பளிகள் எல்லாம் இருக்கின்றன. ஆங்கிலேயர் வழக்கப்படி அவற்றை மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகி, மேலே விரிப்பைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அந்த விரிப்பின் மேலேயே ராமானுஜன் படுத்து வந்திருக்கிறார். மடிப்பை எடுத்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று மகலனோபிஸ் காட்டிக் கொடுத்தார்.

டிரினிட்டியின் கணிதவியலாளர்களான ஹார்டியும் லிட்டில்வுட்டும் வியந்து நின்ற அந்த மூளைக்கு அதைச் சொல்லித்தர ஒரு நண்பர் வர வேண்டியிருந்தது. ஒருவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. புதிதாகப் போகும் ஒவ்வொருவரும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது, துணி துவைக்க எங்கே போவது, சமையலறையில் எந்த அலமாரி யாருடையது என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் அவர் பட்ட கஷ்டம் உங்களுக்கு இருக்காது. கண்டிப்பான சைவ உணவுக்காரர், அறையிலேயே தானே சமைத்துக்கொண்டார். ஊரிலிருந்து புளியும் தேங்காய் எண்ணெயும் பார்சலில் வரவழைத்தார். அவர் வந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் வெடித்தது. கல்லூரியின் இன்னொரு முற்றமான நெவில்ஸ் கோர்ட்டின் தூண் வரிசையில் காயம்பட்ட வீரர்களைப் படுக்க வைத்திருந்தார்கள். காய்கறி கிடைப்பதே பாடாகிப்போன காலம். இன்று சைவ உணவு எல்லா வேளையும் உண்டு. இருந்தாலும் ஒரு சின்ன குக்கரும் கொஞ்சம் பொடி வகைகளும் கொண்டுபோவதில் தவறில்லை. உங்கள் மாடிப்படிச் சமையலறையில் எதை அனுமதிக்கிறார்கள் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மெட்ரிகுலேஷன், கவுன், ஹால்

அக்டோபரில் முதல் பருவம் தொடங்கும். பருவங்கள் மூன்று: மைக்கேல்மஸ், லெண்ட், ஈஸ்டர். விரிவுரை நடக்கும் முழுப் பருவம் எட்டே வாரம். அங்கே பாட வாரம் வியாழக்கிழமை தொடங்கும், அட்டவணையைப் பார்க்கும்போது இதைக் கவனியுங்கள். பருவத்தில் இத்தனை இரவு கேம்பிரிட்ஜில் தங்கியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. மைக்கேல்மஸ், லெண்ட் பருவங்களுக்கு 59 இரவு. லண்டனில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு அடிக்கடி போய்த் தங்குவதாக இருந்தால் டியூட்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

மெட்ரிகுலேஷன் என்பது பல்கலைக்கழக உறுப்பினராக முறைப்படி சேர்வது. கையெழுத்து, கவுனோடு குழுப் புகைப்படம், விருந்து என்று ஒரு நாள் போகும். டிரினிட்டி இளநிலை மாணவர்களின் கவுன் கருநீலம். மற்ற பல கல்லூரிகளில் கறுப்பு. புதிதாக வாங்க வேண்டிய அவசியமில்லை, சீனியர்களிடம் பழையது கிடைக்கும்.

மாலை விருந்தான ஃபார்மல் ஹாலுக்கும் இதே கவுன்தான். ஹால் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. மேடையில் ஃபெல்லோக்கள் உட்காரும் ஹை டேபிள், அதற்குப் பின்னால் சுவரில் காலை அகட்டி நிற்கும் ஹென்றியின் பெரிய படம். ஃபெல்லோக்கள் நுழையும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள், லத்தீனில் பிரார்த்தனை சொல்வார்கள். நீங்கள் பேசாமல் நின்றால் போதும். சைவம் என்றால் டிக்கெட் பதியும்போதே குறிப்பிட வேண்டும். மது வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். எந்த முள்கரண்டியை முதலில் எடுப்பது என்ற கவலைக்கு எளிய வழி, வெளிப்பக்கத்தில் இருப்பதிலிருந்து உள்பக்கமாக வருவது. உத்தரத்தில் எங்கேயோ ஒரு மரவாத்து உட்கார்ந்திருக்கும். மாணவர்கள் அவ்வப்போது இடம் மாற்றி வைப்பார்கள். தேடிப் பாருங்கள்.

ஆறாம் படி: சூப்பர்விஷன்

படிப்பின் உயிர் இங்கே இருக்கிறது. உங்கள் பாடத்துக்கான டைரக்டர் ஆஃப் ஸ்டடீஸ் ஏற்பாடு செய்ய, ஒருவரோ இருவரோ மூவரோ ஆசிரியரின் அறைக்குப் போய் உட்கார்ந்து, முன்பே எழுதிக்கொடுத்த விடைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவீர்கள். சரியான விடையை மட்டும் எழுதிக்கொண்டு போனால் அந்த ஒரு மணி நேரம் பாதி வீண். எங்கே முட்டியது என்று தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். ஆசிரியரை எதிர்த்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த நமக்கு இது முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும். அங்கே ‘எனக்கு இது ஒத்துவரவில்லை’ என்று சொல்வதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

ஏழாம் படி: ரென் நூலகமும் சேப்பலும்

அன்றாடப் படிப்புக்கு வேறு நூலகம் இருக்கிறது. ரென் நூலகம் பார்த்துத் தீராத இடம். கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்து 1676-இல் தொடங்கி 1695-இல் முடித்தார்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது தரை எந்த மட்டத்தில் இருக்கும் என்று தோன்றுகிறதோ அதைவிடத் தாழ்வாகத் தரையை வைத்தார் ரென். அதனால் அலமாரிகள் எல்லாம் ஜன்னல்களுக்குக் கீழேயே அடங்கிவிட, பெரிய ஜன்னல்களின் வெளிச்சம் முழுதாக மேசை மேல் விழுகிறது. அலமாரிகளின் மேல் கிரின்லிங் கிப்பன்ஸ் செதுக்கிய மரவேலைகள். நியூட்டன் தன் பிரின்சிப்பியா நூலின் முதல் பதிப்பில் அடுத்த பதிப்புக்காகத் தன் கையாலேயே திருத்தங்கள் எழுதிவைத்த பிரதி இங்கே இருக்கிறது. 1661-இல் அவர் சேர்ந்தது சப்சைசராக, அதாவது வசதியான மாணவர்களுக்கு ஏவல் வேலை செய்து செலவைச் சமாளிக்கும் மாணவராக.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் உண்டு. 1976-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் இந்த நூலகத்தில் வாட்சன் என்ற கணிதவியலாளரின் காகிதப் பெட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட தாள்கள், பழக்கமான கையெழுத்து. ராமானுஜன் ஊர் திரும்பி, நோயோடு கழித்த கடைசி ஆண்டில் எழுதியவை. ‘தொலைந்த நோட்டுப் புத்தகம்’ என்று கணித உலகம் சொல்வது அதைத்தான். 1917-இல் அவரை ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்க எடுத்த முயற்சி தோற்றது. பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அவரை ஏற்றுக்கொண்ட பிறகு, 1918 அக்டோபரில், டிரினிட்டியும் தேர்ந்தெடுத்தது. இந்தக் கல்லூரியின் முதல் இந்திய ஃபெல்லோ அவர். 1933-இல் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் ஃபெல்லோ ஆனார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் இந்தக் கல்லூரியின் ஃபெல்லோ.

சேப்பலுக்குப் போக மதம் தடையில்லை. பருவ நாட்களில் மாலைப் பிரார்த்தனையில் பாடகர் குழு பாடுவதைக் கேட்க யார் வேண்டுமானாலும் உட்காரலாம். முன்மண்டபத்தில் கையில் பட்டகத்தோடு நியூட்டன் சிலையாக நிற்கிறார். தத்துவவாதி விட்கன்ஸ்டைனின் நினைவுப் பித்தளைப் பலகையும் அங்கேயே இருக்கிறது.

நெவில்ஸ் கோர்ட்டின் வடபுறத் தாழ்வாரத்தில் நின்று காலால் தரையைத் தட்டிப் பாருங்கள். எதிரொலி வரும். ஒலியின் வேகத்தைக் கணக்கிட நியூட்டன் எதிரொலியை அளந்தது இங்கேதான் என்பது கல்லூரி வழக்கு.

எட்டாம் படி: ஜூன் மாதமும் பட்டமும்

தேர்வு முடிந்ததும் ஜூனில் ‘மே வாரம்’ வரும். படகுப் போட்டி, தோட்ட விருந்து, கோபுரங்களின் உச்சியிலிருந்து பாடகர் குழுவின் பாட்டு. மே பால் என்ற இரவு விருந்துக்கு டிக்கெட் விலை மிக அதிகம். ஒருமுறை போனால் போதும், போகாவிட்டாலும் எதையும் இழந்துவிட மாட்டீர்கள். கோபுரப் பாட்டை மட்டும் தவறவிடாதீர்கள், அது இலவசம்.

மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ முடிந்ததும் பல்கலைக்கழகக் கட்டடமான செனட் ஹவுஸில் பட்டமளிப்பு. முதலில் கிங்ஸ், அடுத்து டிரினிட்டி, மூன்றாவது செயின்ட் ஜான்ஸ், அப்புறம் மற்றவை தொடங்கிய ஆண்டு வரிசைப்படி. உங்கள் நீலக் கவுனின் மேல் வெள்ளை ரோமம் வைத்த, முதுகில் தொங்கும் பி.ஏ. ஹூடைப் போட்டுக்கொண்டு கல்லூரியிலிருந்து ஊர்வலமாக நடந்து போவீர்கள். நான்கு நான்கு பேராக அழைப்பார்கள். கல்லூரியின் ப்ரெலெக்டர் வலது கையை நீட்டுவார், ஆளுக்கு ஒரு விரலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் லத்தீனில் உங்களை முன்வைப்பார். பிறகு ஒவ்வொருவராகத் துணைவேந்தரின் முன்னே மண்டியிட்டுக் கைகூப்ப, அவர் உங்கள் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்து லத்தீனில் பட்டம் வழங்குவார். அந்த வாசகத்தில் கிறிஸ்தவ இறைப்பெயர் வரும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னால் விட்டுவிடுவார்கள்.

அப்பா அம்மாவுக்கான இடங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆகவே கல்லூரி தேதியை அறிவித்த உடனே டிக்கெட் பதிந்து, விசா வேலையையும் அப்போதே தொடங்கிவிடச் சொல்லுங்கள். டிரினிட்டியின் முறை சீக்கிரமே வந்துவிடும் என்பதால், அவர்களைக் கொஞ்சம் முன்னதாகவே உள்ளே உட்கார வைத்துவிடுங்கள். பட்டம் வாங்கியவர்கள் பக்கக் கதவு வழியாக வெளியே வருவார்கள், சான்றிதழ் அங்கே கையில் கிடைக்கும்.